கோணப் பின்னல்

வேணாம்மா, வேணாம், பைய நானே மேல வெக்கிறேன். இந்தக் கையாலயே. பாத்தியா! எட்டிடுச்சு! ஐயோ, எனக்கே சிரிப்பு தாங்கல. எங்க வூட்டுக்காரரு ஏறிட்டாரா பாரு, ஊதா சட்ட. இல்லயா? தண்ணி பாட்டில் வாங்கப் போனவரு, சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் முழுக்க வேடிக்க பாத்துட்டுத்தான் வருவாரு.

கடலூருதான்மா, தேவனாம்பட்டினம். இங்க ஸ்கேன் எடுக்க வந்தோம். ஏன் அப்படிப் பாக்கற? அங்கயும் ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு, ஒங்களுக்கு எத்தினி மாசம்னு கேட்டுடுச்சு! அவரு வெக்கப்பட்டு வெளிய ஓடிட்டாரு. வயித்துக்கு இல்லம்மா, தோளுக்கு. மீன் பொட்டியோட வழுக்கி வுழுந்தேன். கை கட்டுலயே கெடந்து கெடந்து தோள்பட்டைல சதையெல்லாம் வத்திப்போச்சு. கைக்குப் பயிற்சி குடுக்கற பொண்ணு ஒண்ணு இருக்கு, இளமதின்னு. அதுதான் ஜெல்லத் தடவி, ஸ்கேன் வெச்சு, சதை எவ்ளோ தடிப்புன்னு அளக்கும். நல்ல தோளையும் கெட்ட தோளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டும். மொத தடவ என் கெட்ட தோளு காஞ்ச நெத்திலியாட்டம் இருந்துச்சு. அடுத்த தடவ நான் மூச்சப் புடிச்சு, பல்லக் கடிச்சு, முறுக்கிக்கினு ஒக்காந்தேன். அக்கா, சண்டைக்கா வந்துருக்கீங்க, தளத்தி வுடுங்கன்னு அது ஒரே சிரிப்பு.

ஏறிட்டாரா? பின்னால ஒக்காந்துட்டாரா? சரி, மெதுவா பேசு.

பின்னலா? கோணலா இருக்கில்ல? கேப்பன்னு தெரியும். அவரு போட்டதுதான். கையே தூக்க முடியாதவ தலைய எப்படி வாருவேன்? பொண்ணையும் கட்டிக்குடுத்துட்டோம். அவரே சீப்ப எடுத்தாரு. மொத நாளு வல முடிச்சுப் போட்டுட்டாரும்மா! கிழிஞ்ச வலைக்குப் போடுவாங்களே, அந்த முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுது. கத்திரிக்கோல் வெச்சு வெட்டித்தான் எடுத்தோம். அவரப் பாத்து, என்னா சிங்காரம், வலைல மாட்டுனது கெழங்கான் மீனா கெழவியான்னு தெருவே கேலி பண்ணுச்சு. மனுசன் அசரலயே, மறுநாளும் சீப்போட வந்து நின்னாரு.

ஒண்ணு சொல்றேன் கேளு. இத்தினி வருசத்துல என்கிட்ட, சோறு போடு, கைலி எங்க, இத வுட்டா வேற பேச்சே கெடையாது. பின்னல் போடறப்போ பேசறாரும்மா! கடல்ல டால்பின் கூடவே வந்தது, அவுங்க அம்மா செத்தப்போ படகுல தனியா அழுதது, எல்லாத்தையும் என் பின்னந்தலைக்குத்தான் சொல்லுவாரு. மூஞ்சப் பாத்தா நிறுத்திடுவாரு. அதனால நான் திரும்பவே மாட்டேன்.

ஸ்கேனா? அத ஏன் கேக்கற! ரெண்டு தோளும் ஒண்ணாயிடுச்சாம்! இனிமே நீங்களே தல வாரலாம்க்கான்னு இளமதி சொல்லிடுச்சு. எனக்கு அங்கயே குதிக்கணும்போல இருந்துச்சு. அப்பறம் திக்குன்னு ஆயிடுச்சு.

அவருகிட்டயா? அவருதான் வெளிய நின்னாரே. இன்னும் கொஞ்சம் மெலிவாத்தான் இருக்காம்னு சொல்லிட்டேன். அடப்பாவமேன்னாரு. சொல்லிட்டு நேரா கடைக்குப் போயி புது சீப்பு வாங்கியாந்துட்டாரு. அந்தப் பைலதான் இருக்கு.

ஐயோ, பேச்சு மும்முரத்துல கடலூரே வந்துடுச்சு! அவரு எழுந்து வராரு பாரு. யம்மா, அந்தப் பைய மட்டும் நீயே எடுத்துக் குடுத்துடேன். எனக்கு எட்டாது.