ஆஸ்பத்திரிக்கு எதிரே மூன்று மாடி

வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் சமையலறையைப் பார்ப்பார்கள். நான் வாசலில் நின்று, எதிரே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். எதிரில் இருப்பதுதான் ஐயா வாடகையைக் கொண்டுவருகிறது.

வங்கித் தவணை, வரி, வெள்ளையடிப்பு எல்லாம் போக மாதாமாதம் கையில் ஏதாவது நிற்க வேண்டும். அப்படி ஓர் இடம் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரெல்லாம் சுற்றினேன். கல்லூரிப் பக்கம் விடுமுறையில் அறைகள் காலி. தொழிற்சாலைப் பக்கம் வேலைநிறுத்தம் வந்தால் வாடகையும் நின்றுவிடும். கடைசியில் சிறுநீரக ஆஸ்பத்திரிக்கு எதிரே இந்தக் கட்டடம் கண்ணில் பட்டது, கடன் போட்டு வாங்கிவிட்டேன். டயாலிசிஸ் நோயாளி வாரத்தில் மூன்று முறை வந்தே ஆக வேண்டும். பேரம் பேசத் தெம்பு இருக்காது. சுவரில் ஈரம் ஊறினாலும் முகம் சுளிக்க மாட்டார். ஒருவர் காலி செய்தால், எப்படிக் காலி செய்வார் என்பது உங்களுக்கே தெரியும், அடுத்தவர் வாசலில் நிற்பார்.

என் மனைவியின் தம்பி தண்ணீர் பரிசோதகன். ஒரு நாள் மாலை பை நிறைய பாட்டில்களோடு வந்தான்.

"அக்கா, எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மண்டையைப் போட்டுடுச்சு. காலைல லேப் திறக்கிற வரைக்கும் இது இங்க இருக்கட்டும். யாரும் குடிச்சுத் தொலைச்சிடாதீங்க."

"அப்படி என்ன மாப்ளே, அமிர்தமா?" என்றேன்.

"விஷம் அத்தான். உங்க குடித்தனக்காரங்கள்ல முக்கால்வாசிப் பேர் எங்க கிழக்குப் பக்கத்து ஊர்லேர்ந்து வந்தவங்க, கவனிச்சீங்களா? எல்லாரும் அங்க குடிச்சது ஒரே குழாய்த் தண்ணி. இது மட்டும் நிரூபணமாச்சுன்னா குழாயை மூடிடுவாங்க. அப்புறம் உங்க மாடிக்கு ஆள் பிடிக்க நீங்க தெருவுல நின்னு கூவணும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். தவணையில் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

அக்காவும் தம்பியும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, பாட்டில்களைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கேன் தண்ணீரை நிரப்பினேன். ஒட்டியிருந்த சீட்டு ஒன்றுகூட நனையவில்லை. நான் யாருக்கும் விஷம் வைக்கவில்லை ஐயா. விஷத்தை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் வைத்தேன்.

தண்ணீர் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. ஆபீசில் அவனைக் கேலி செய்து தீர்த்துவிட்டார்கள். படித்தவன் அல்லவா, காகிதத்தை நம்பினான். வீடு வீடாகப் போய், "தப்பா சொல்லிட்டேன், பயப்படாம குடிங்க" என்று மன்னிப்புக் கேட்டான். தன் வீட்டுக்கும் கேன் வாங்குவதை நிறுத்திவிட்டான். எனக்குத் தெரியும். அடுத்தவர் குடும்பச் செலவில் தலையிடுவது என் வழக்கமில்லை.

அதன் பிறகு ஐந்தாறு வருடம் ஓர் அறைகூடக் காலியாக இருந்ததில்லை. போன மாதம்தான் வேறு யாரோ, வேறு ஃப்ரிட்ஜில் வைத்துப் பரிசோதித்துவிட்டார்கள்.

மைத்துனனை விசாரிக்க நீங்கள் அலைய வேண்டாம். என் கட்டடத்தில்தான், இரண்டாம் மாடி மூலை அறையில் இருக்கிறான். மாலையில் போங்கள், காலையில் எதிரே படுத்திருப்பான். அவனிடம் நான் பாதி வாடகைதான் வாங்குகிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. சொந்தபந்தம் பார்க்காதவன் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.