ஆறாவது சட்டி

இக்கூட்டத்திற்குத் தலைமை வகிக்கும் ஸ்ரீமான் ரெங்கராஜ் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அன்னவாசல் சுற்றுவட்டாரத்து விவசாயப் பெருமக்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் உடையப்பனாரின் துணைவியார் அழகம்மாள் அம்மையே! அடைக்கலத்தின் வணக்கம். நம் விவசாய சங்கத்தை ஸ்தாபித்த உடையப்பனார் மறைந்து இன்றோடு பதினாறு நாள். உடனிருந்து உழைத்தவன் என்று என்னைப் பேசச் சொன்னீர்கள். பேசத்தான் போகிறேன். முடித்தபின் இந்த மேடையில் எனக்கு இடமிருக்குமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அவரைச் 'சட்டி உடையப்பன்' என்றோம். நானும் சொல்லிச் சிரித்தவன்தான். எதற்காக ஐயா அவர் சட்டிகளைக் கட்டி அழுதார்? யுத்தம் வந்தது, பர்மா அரிசி நின்றது. கேழ்வரகாவது விளையட்டும் என்றால் நம் சரளைக் காட்டில் நாற்றே எழும்பவில்லை. கண்மாய் வண்டல் அடிக்கலாம். வண்டியும் மாடும் இல்லாதவன் எதில் அடிப்பான்? அந்த ஏழைக்காகத்தான், எந்த மண்ணில் நாற்று எழும்பும் என்று பார்க்க, அவர் இந்தச் சங்க வாசலில் ஆறு சட்டி வைத்தார். ஒன்றில் வண்டல், ஒன்றில் மணல், ஒன்றில் செம்மண், ஒன்றில் சாம்பல் கலந்த சரளை, ஒன்றில் வெறும் சரளை. ஆறாவதில், சும்மா கிடைக்கும் கடலைத்தோலைக் கலந்த சரளை. அந்தச் சரளை என் காட்டு மண்!

எல்லாவற்றிலும் ஒரே விதை. காலையில் சட்டிக்கு ஒரு ஆழாக்குத் தண்ணீர். ஊற்றும் வேலை எனக்கு.

"வாடுதேன்னு எரக்கப்பட்டு ஒரு சொட்டு கூட ஊத்திராதய்யா. செடிக்கு வாய் கெடையாது. நாமதான் அதைப் பேச விடணும்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் ஆறாவது சட்டி மஞ்சளித்தது. பார்த்துப் போனவர்கள், "அடைக்கலத்து மண்ணு சவலைப் புள்ளை பெத்திருச்சுடா" என்று சிரித்தார்கள். என் தகப்பன் உழுத மண் அல்லவா? எனக்குப் பொறுக்கவில்லை. ஊர் எழுமுன் வந்து, என் மாட்டுத் தொட்டியில் ஊறிய பிண்ணாக்குத் தண்ணீரை அந்தச் சட்டிக்கு மட்டும் ஊற்றினேன். எட்டு நாள் ஊற்றினேன். ஆம் மகாஜனங்களே, நான்தான்!

பயிர் கருகருவென்று எழுந்தது. வண்டல் சட்டிக்குச் சமமாக நின்றது. உடையப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை போல் சிரித்தார். "ஏழைபாழைக்கு இனிக் கவலை இல்லைய்யா" என்றார். அப்போதாவது நான் வாய் திறந்தேனா? மாலை போட்டார்கள், கழுத்தை நீட்டினேன்.

அவர் சொல்லை நம்பிப் பதினேழு குடும்பத்தார் நாற்றங்காலில் கடலைத்தோலைக் கொட்டினார்கள். பதினேழும் மஞ்சளித்துப் படுத்தன. விதைக்கு வைத்திருந்ததும் போயிற்று. அவர்களில் ஒருத்தியான மூக்காயி, பிடுங்கிய நாற்றை அவர் காலடியில் போட்டு, "ஒஞ் சட்டியில வெளஞ்சது எங்க வயித்துக்கு மட்டும் ஏன்யா வெளையல?" என்று கேட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அன்றே மறுபடி ஆறு சட்டி வைத்தார். கொதிக்கிற வெயிலில், காய்ச்சலோடு வைத்தார். இம்முறை நான் அளவு தவறவில்லை. ஆறாவது மஞ்சளித்தது. கட்டிலில் கிடந்தபடி கேட்டார்: "போன தடவை வளந்துச்சேய்யா. எங்கிட்டுத் தப்புப் பண்ணினேன்? நீ கூடவே இருந்தியே, ஒனக்கு ஏதும் தெரியுதா?"

"தெரியலீங்கண்ணே" என்றேன்.

கேட்ட மூன்றாம் நாள் போய்விட்டார். தன் கையால் பதினேழு வீட்டு அடுப்பை அணைத்துவிட்டோம் என்றே எண்ணிக்கொண்டு போனார். அந்த மனிதரை இனி எங்கே தேடுவேன்? எந்த வாசலில் போய் அழுவேன்?

அழகம்மாள் அம்மையே, உங்கள் வீட்டு வாசலில் வந்து ஏசிவிட்டுப் போனார்களே, அந்த ஏச்செல்லாம் எனக்கு உரியது. மூக்காயி, நீ வீசிய நாற்றும் எனக்கு உரியது. என் வண்டியும் என் மாடுகளும் நாளைக் காலை கண்மாயில் நிற்கும். பதினேழு நாற்றங்காலுக்கும் வண்டல் அடித்து முடிக்கும்வரை என் காட்டில் நான் ஏர் பூட்ட மாட்டேன். விதை என் குதிரில் இருக்கிறது, வந்து அள்ளிக்கொள்ளுங்கள். அதோ அந்த ஆறு சட்டிகளும் அங்கேயே இருக்கும். மஞ்சளித்ததன் மேல் என் பெயரை எழுதி வைக்கிறேன். அவர் தொடங்கிய சோதனை நிற்காது. ஆனால் தண்ணீர் ஊற்ற எனக்கு யோக்கியதை இல்லை. இந்த ஆழாக்கை அம்மையிடம் ஒப்படைக்கிறேன். என்னைச் சட்டிப் பக்கம் விடாதீர்கள்.

அண்ணே, நீங்கள் கேட்டதற்குப் பதினெட்டு நாள் கழித்துப் பதில் சொல்கிறேன். நீங்க தப்புப் பண்ணலைண்ணே. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்ணே.