இதயத்தில் குறித்த இடம்

காந்திபுரத்திலிருந்து சத்தியமங்கலம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்மணி, எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்த ஊர்க்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“எங்க ஊட்டுக்காரரு இதயத்துல ஒரு இடத்தைக் குறி வெச்சுச் சுட்டுப்போட்டாங்கங்ணா.”

அவர் பதறிவிட்டார். “ஏனுங் அம்மணி, சுட்டாங்களா?”

“கதிர்வீச்சுங்ணா.”

“அது புத்துநோய்க்கில்லீங்க?”

“நானும் அப்படி நெனச்சுத்தான் அழுதேனுங்க. இது இதயத் துடிப்புக்குங்ணா. துடிப்பு தாறுமாறா ஓடுனா, நெஞ்சுல தோலுக்கடியில வெச்சிருக்கற சின்னப் பெட்டி ஷாக் அடிச்சு நேராக்குமுங்க. உசுரைக் காப்பாத்துச்சு. ஆனா அந்த அடிக்குப் பயந்து மனுசன் கண்ணையே மூடலீங்க.”

“அப்பறம்?”

“ஸ்கேன் எடுத்தாங்க. பழைய அட்டாக்குல தழும்பான இடத்துலிருந்துதான் கோளாறு கெளம்புதுன்னு படத்துல காட்டுனாங்க. மூச்சு உடறப்ப இதயம் எவ்வளவு நகருதுன்னும் படம் புடிச்சு, அதுக்குத் தகுந்த மாதிரி குறி போட்டாங்க. கத்தியே வெக்கலீங்க.”

“இப்ப ஷாக் அடிக்கறதில்லீங்களா?”

“கொஞ்ச நாளா இல்லீங்ணா. இன்னும் பாக்கோணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு.”

“அவரு ஊட்டுல இருக்காருங்களா?”

அந்தப் பெண்மணி தன் பக்கத்துச் சன்னலோரம் கை காட்டினார். முகத்தில் துண்டைப் போட்டபடி ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“புளியம்பட்டியெல்லாம் எறங்குங்க!” என்றார் நடத்துனர்.

“உங்க ஸ்டாப்புங்க அம்மணி, எழுப்புங்க.”

“தூங்கட்டுமுங்க,” என்றவர், நடத்துனரிடம் மெல்லக் கேட்டார்: “சத்தியமங்கலத்துக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க.”