சின்ன ஹிட்ச்சும் பிக்கப் சாவியும்

என் பெயர் மார்லா டோலெஃப்சன். வயது 43. கணவர் பெயர் லைல். விலாசம் வயோமிங் மாநிலம், லாரமி, சீடர் தெரு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் பிக்கப் வண்டியின் சாவியை நான் பிடுங்கிக்கொண்டு தர மறுப்பதாக என் கணவர் போனில் சொன்ன புகாரின் பேரில், நெடுஞ்சாலை ஓரத்தில் காவலர் கேட்க நான் சொல்வதாவது:

பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடான கேம்பர் ட்ரெய்லர் ஒன்றை நாங்கள் புதிதாக வாங்கினோம். அதன் மூக்குப் பாரம், அதாவது முன்முனை அழுத்தும் எடை, பிக்கப்பின் பின்புறத்தை மட்டும் அழுத்தாமல், முன் சக்கரங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் ஹிட்ச் என்ற இணைப்புக் கருவி தேவைப்பட்டது. கடையில் சிறியது, பெரியது என்று இரண்டு இருந்தன. சாமான் ஏற்றி எடை பார்த்த பிறகு வாங்கலாம் என்றேன். அதற்கு லைல், "விளம்பரத் தாள்லயே எடை போட்டிருக்கான். ஸ்கூல் பஸ் ஓட்டுறவ எனக்கு ஹிட்ச் பாடம் எடுக்கிறியா?" என்று கேலி செய்து சிறியதை வாங்கினார். தாளில் இருந்தது காலி வண்டியின் எடை.

அதன் பிறகு, இன்று காலை தண்ணீர், கேஸ், உணவு எல்லாம் ஏற்றி எடை மேடையில் நிறுத்தியபோது, மூக்குப் பாரம் அந்தச் சிறிய ஹிட்ச் தாங்கும் அளவைத் தாண்டியிருந்தது. கடைக்குத் திரும்பிப் போக இவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஜெனரேட்டரையும் கருவிப் பெட்டியையும் விறகையும் ட்ரெய்லரின் பின்கோடிக்கு மாற்றினார். மூக்கு இலேசானது. "பாத்தியா, இப்ப சரியாப் போச்சு" என்றார். மூக்கு இலேசானால் வால் ஆடும் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை.

அதன் பிறகு, இறக்கத்தில் பலத்த காற்றில் ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்ததும் ட்ரெய்லர் ஆடத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, பிக்கப்பின் பின்புறத்தை இடமும் வலமுமாக இழுத்தது. என் பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் கதவு முழுவதும் தெரிந்தது. நேராக வரும் வண்டியில் அது அப்படித் தெரியாது. எனக்கு உயிரே போய்விட்டது. லைல் கால் பிரேக்கை மிதித்தார், ஆட்டம் கூடியது. நான் எட்டி, ட்ரெய்லருக்கு மட்டுமான கை பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். அதன் பிறகுதான் வண்டி நேரானது. ஓரத்தில் நின்றோம். பின் இருக்கையில் இருந்த எங்கள் மகள் டெஸ்ஸா கத்தவில்லை. ஒன்பது வயதுக் குழந்தையின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்தான் கேட்டது.

அதன் பிறகு மூவரும் இறங்கினோம். லைல் சுற்றிப் பார்த்துவிட்டு, "காத்துதான். ஒண்ணும் ஆகல. ஏறுங்க, போலாம்" என்றார்.

டெஸ்ஸா ஏறவில்லை. "அப்பா, நீங்க போங்க. நான் நடந்து வர்றேன்" என்றாள்.

அதைக் கேட்டதும் நான் வண்டியிலிருந்து சாவியை உருவிக்கொண்டேன். அது இப்போது என் இடது காலணிக்குள் இருக்கிறது. நீங்கள் கேட்டால் உங்களிடம் தருகிறேன். பெரிய ஹிட்ச் வந்து மாட்டும்வரை அவரிடம் தர மாட்டேன். அதற்கு என்ன வழக்குப் போட்டாலும் சரி.

நான் சொன்னதை அப்படியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அத்தனையும் நடந்தது. தாளைக் காற்று இழுத்ததால் கையொப்பம் கோணலாக விழுந்திருக்கிறது. அது என்னுடையதுதான்.

மார்லா டோலெஃப்சன்