ஒன்பது டப்பாக்கள்

மதிப்பிற்குரிய சுகாதார அதிகாரி அவர்களுக்கு,

பிள்ளைகள் விடுதியின் எழுத்தர் எழுதிக்கொள்வது. செவ்வாய்க்கிழமை காலை உணவுக்கூடத்தில் நடந்த கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது உங்கள் குறிப்பில் விட்டுப்போயிருக்கிறது. அதை முதலில் தந்துவிடுகிறேன். மேசையின் தலைப்பக்கம் நீங்கள். உங்களுக்கு வலப்பக்கம் விடுதிக் காப்பாளர் அம்மா. இடப்பக்கம் செவிலியர். எதிர்ப் பெஞ்சில் சமையலறை ஊழியர் ஒன்பது பேர். ஜன்னலோரம் தலைமைச் சமையல்காரப் பெரியக்கா, அவரை ஒட்டி மாவு பிசைகிறவர், பிறகு மற்ற ஏழு பேர். கதவருகில் முக்காலியில் நான். எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சு என்பதால் அனைவருடைய முழங்காலும் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. உங்களுக்காவது அலுவலக நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. மன்னிக்கவும்.

அன்று நீங்கள் இரண்டு முடிவுகளை வாசித்தீர்கள். மூன்றாம் தேதி நான் சேகரித்து அனுப்பிய மல மாதிரிகளில் ஒன்பது பேருக்கும் நாடாப்புழு. ஒன்பதாம் தேதி செவிலியர் கழிவறை வாசலிலேயே நின்று வாங்கி அனுப்பிய மாதிரிகளில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரே சமையலறையில ஒன்பது பேருக்கும் நாடாப்புழுன்னு நான் பார்த்ததில்ல" என்றீர்கள். "ஒரு மாத்திரைகூடக் குடுக்காம, ஒன்பது பேருக்கும் ஒரே வாரத்துல அது காணாமப் போனதையும் பார்த்ததில்ல."

"கூட்டமா பஸ் புடிச்சுப் போயிருக்கும் சார்" என்றார் மாவு பிசைகிறவர்.

"வாயை மூடுறியா? ஆறு பிள்ளைங்க வலிப்பு வந்து விழுந்திருக்கு. உனக்கு நக்கலு கேக்குது" என்று பெரியக்கா அவர் தொடையில் ஒன்று வைத்தார்.

நீங்கள்தான் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினீர்கள். புழு ஒருவர் குடலில் சுகமாக இருக்கும். அவருக்கு ஒன்றும் தெரியாது. அதன் முட்டை அவர் கழுவாத கையில் ஒட்டி, கையிலிருந்து உணவுக்குப் போய், உணவிலிருந்து பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். அங்கிருந்து மூளைக்கு ஏறிக் கட்டியாகும். "யாரோ ஒருத்தர் வயித்துல அது இன்னும் இருக்கு. அந்த ஆளைக் கண்டுபிடிக்காத வரைக்கும் இன்னும் பிள்ளைங்க விழும்" என்றீர்கள். காப்பாளர் அம்மா உடனே, அந்த ஆள் கிடைக்கும்வரை ஒன்பது பேரும் சமையலறைப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெரியக்கா எழுந்திருக்கும்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பதினேழு வருடமாக அந்த அடுப்புக்கு முன்னால் நின்றவர்.

உங்கள் குறிப்பின் ஆறாம் பத்தியில், "எழுத்தர் லேபிள் ஒட்டியதில் குளறுபடி நடந்திருக்கலாம்" என்று இருக்கிறது. அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். லேபிளில் ஒரு குளறுபடியும் இல்லை. ஒன்பது டப்பா, ஒன்பது பெயர், வரிசை எண், தேதி, நேரம், எல்லாம் சரி. உள்ளே இருந்தது மட்டும் ஒன்பதும் என்னுடையது.

இதை நான் கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமையலறை ஊழியர் அனைவரும் மாதிரி தர வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. டப்பாக்களை நான்தான் விநியோகித்தேன். பெரியக்கா அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் தந்தார். "தம்பி, இந்தக் கண்றாவியை எல்லாம் டப்பியில போட்டு ஒரு ஆம்பளை கையில குடுக்கச் சொன்னா நான் வேலையை விட்டுட்டுப் போயிடுறேன்." நான்கு டப்பா காலியாக வந்தது. மாவு பிசைகிறவர் மட்டும் சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்தார். ஆய்வகத்திலிருந்து மறுநாள் தொலைபேசி வந்தது: அவருக்குப் புழு எதுவும் இல்லை, ஆனால் அவர் முழுக்க முழுக்க கோதுமையால் ஆனவராகத் தெரிகிறது.

கெடு மறுநாள் முடிகிறது. ஒன்பது மாதிரியும் போகாவிட்டால் சமையலறைக்குப் பூட்டு. நூற்று நாற்பது பிள்ளைகள். என் உடம்போ சின்ன வயதிலிருந்தே கடிகாரம் மாதிரி. காலை ஐந்தரைக்கு ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அப்படிப்பட்ட ஒருவன் இருக்கும்போது ஒன்பது பேரை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். அன்று எல்லாமே சுத்தம் என்று முடிவு வந்தது. பெரியக்கா எனக்கு ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து வைத்து, "நல்லா இருப்பே தம்பி" என்றார்.

அடுத்த முறையிலிருந்து ஒழுங்காகத் திட்டமிட்டேன். ஒன்பதும் ஒரே நிறத்தில் இருந்தால் ஆய்வகத்தில் சந்தேகம் வரும் அல்லவா. ஆகவே மூன்று நாள் முன்பிருந்தே பிரித்துச் சாப்பிட்டேன். முதல் நாள் பீட்ரூட், இரண்டாம் நாள் கீரை, மூன்றாம் நாள் வெறும் வாழைப்பழம். நாளுக்கு மூன்று டப்பா. பெரியக்காவுக்கு எப்போதும் கீரைதான் ஒதுக்கினேன், வயதில் மூத்தவர். இரண்டு வருடம் தொடர்ந்து நம் விடுதிச் சமையலறைக்குத் தூய்மைச் சான்றிதழ் கிடைத்தது. கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. நீங்களே அதன் கீழே நின்று காப்பாளர் அம்மாவுக்குக் கைகொடுத்தீர்கள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். எனக்குப் பேர் வர வேண்டும் என்று நான் எதையும் செய்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் அந்த வெள்ளைத் துண்டுகளைக் கவனித்தேன். தட்டையாக, ரிப்பனை விரல்நக அளவுக்கு வெட்டிப் போட்டதுபோல் இருக்கும். சில துண்டுகள் மெதுவாக நகரவும் செய்தன. மாதிரி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் குச்சியால் பொறுக்கி எடுத்துவிடுவேன். முடிவும் சுத்தம் என்றே வந்துகொண்டிருந்தது. இந்த மூன்றாம் தேதி மட்டும் விடியற்காலையில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பொறுக்க முடியவில்லை. வேறு வழியின்றி, ஒருவருக்குக் கூட ஒருவருக்குக் குறைய என்று இல்லாமல், ஒன்பது டப்பாவிலும் சரிசமமாகப் போகும்படி கலந்துவிட்டேன். நீங்கள் பார்த்து வியந்தது அதைத்தான்.

ஆகவே பெரியக்காவையும் மற்ற எட்டுப் பேரையும் உடனே வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. நான் கொடுக்க வேண்டிய விளக்கம் இதுதான்.

அப்படியானால் அந்தப் புழு உன்னுடையதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் யோசித்துப் பார்த்தேன். எனக்கு வயிற்றுவலி இல்லை. எடை நான்கு வருடமாக ஒரே எடை. பசி முன்பைவிட நன்றாகவே எடுக்கிறது. புழு கண்டுபிடிக்கப்பட்டது ஒன்பது பேருடைய பெயர்களில். என் பெயரில் ஒரு டப்பாவும் இதுவரை ஆய்வகத்துக்குப் போனதில்லை. இல்லாத மாதிரிக்கு எப்படி முடிவு சொல்ல முடியும். தவிர, உங்கள் உத்தரவு உணவைக் கையாள்பவர்களுக்கானது. நான் எழுத்தர். வருகைப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு நான் வெள்ளரிக்காய் நறுக்குவதைச் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். மூன்று வருடமாக நான்தான் நறுக்குகிறேன். அதில் ஒளிவுமறைவு இல்லை. சமையலறையில் ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லிசாகவும் நறுக்கிப் பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. பிள்ளைக்கு ஐந்து துண்டு, எல்லாம் ஒரே கனம் என்று நான் முறைப்படுத்தினேன். அது சமையல் அல்ல, அளவு வேலை. கை கழுவுவது பற்றியும் கேட்பீர்கள். சோப்பு உள்ள குழாய் சமையலறையில்தான் இருக்கிறது. அதன் மேல் "சமையலறை ஊழியர் மட்டும்" என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். எழுதியவனே மீறினால் மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள். கழிவறையிலிருந்து வந்ததும் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துக்கொள்வேன்.

முதலில் விழுந்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளை. ஒல்லியாக இருப்பதால் அவளை எல்லோரும் பென்சில் என்று கூப்பிடுவார்கள். சாப்பாட்டு வரிசையில் என் முன்னால் தட்டை நீட்டியபடியே சரிந்தாள். வாயில் நுரை. தட்டு மட்டும் நிமிர்ந்தே இருந்தது. ஐந்து துண்டும் சிந்தவில்லை. எழுத்துகள் இப்போது அவளுக்கு அடையாளம் தெரியவில்லையாம், செவிலியர் சொன்னார். போகப் போகச் சரியாகிவிடும் என்று நம்புகிறேன்.

இப்போது மணி பதினொன்றரை. சமையலறைக்கு ஆள் இல்லாததால் சோறும் பருப்பும் வெளியிலிருந்து வேனில் வருகின்றன. அவை கொதிக்கக் கொதிக்க மூடியோடு வருவதால் யாரும் தொட வேண்டியதில்லை. வெள்ளரிக்காயும் கேரட்டும் மட்டும் இங்கே நறுக்கியாக வேண்டும். அதற்கு இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. பென்சில் ஆஸ்பத்திரியிலிருந்து இன்று திரும்பி வருகிறாள். மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவளே கேட்டாளாம். அளவை நான் ஒருநாளும் மீறியதில்லை. இன்று அவளுக்கு மட்டும் ஆறு துண்டு வைக்கலாம் என்றிருக்கிறேன். வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார். அவர் உங்கள் அலுவலகத் தெரு வழியாகத்தான் போகிறார். உறையை ஒட்டி அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
விடுதி எழுத்தர்