சாப்பாட்டு மேசையில் ஒன்பது கடிதங்கள்

மரச்சாமானில் அழகுக்குத் தாள் ஒட்டப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது பிறவியிலேயே உண்டு. நீ தடவிப் பார்க்கிறாயே ராட்னி, அந்த மேசைக்குப் பன்னிரண்டு பூச்சு வார்னிஷ் கொடுத்தேன். பூச்சுக்குப் பூச்சு நைசான உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தாளின் ஓரம் விரலில் தட்டவே தட்டாது. தினமும் ஈரத்துணியால் துடைக்கலாம், ஒன்றும் ஆகாது.

உன் அம்மா ஏவிஸ் என் தங்கை. பதினேழு வயதில் உன்னைப் பெற்றாள். மருத்துவமனையிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு உன்னைத் தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். உன் முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை. பிறகு அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இந்தப் பர்னி ஊரில், இதே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் முப்பது வருடம் இருந்தோம். கடைசி ஆறு வருடம் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. வருகிற தபாலை நான்தான் படித்துச் சொல்வேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்று, கூட வந்திருந்த சர்ச் விழா அழைப்பை மட்டும் படித்தேன்.

ஐந்தாவது கடிதத்தில், அம்மாவுக்கு ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறேன், பெர்த்துக்கு அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். பெர்த் எங்கே, பர்னி எங்கே? தேசத்தின் அந்தக் கோடியும் இந்தக் கோடியும். அவள் போய்விட்டால் நான் யாருக்குச் சமைப்பேன்? பயந்தேன். சொல்ல வெட்கமில்லை.

எரிக்க மனம் வரவில்லை. அவளுக்கு வந்த கடிதங்கள் அவள் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றுதான் ஒன்பதையும் மேசையில் ஒட்டினேன். எங்கள் கைவினைக் குழுவில் யாரும் மூலத்தாளை ஒட்ட மாட்டார்கள். நகல் எடுத்துத்தான் ஒட்டுவார்கள். பேனா மை பசையில் கரைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் இரண்டு பக்கமும் மெல்லிசாக வார்னிஷ் தெளித்துக் காயவைத்து, ஓரங்களில் ரோஜாப்பூ வெட்டி ஒட்டினேன். ஓர் எழுத்துகூடக் கலையவில்லை.

ஒரே ஒரு முறைதான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். குழுவிலிருந்து கிளெனிஸ் தேநீருக்கு வந்திருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைமேல் குனிந்தாள்.

"யாரு கையெழுத்துடி இது, முத்து முத்தா இருக்கு!"

"பழைய சாமான் கடையில கட்டுக்கட்டா கிடந்துச்சு."

"'அன்புள்ள அம்மா'ன்னு போட்டிருக்கு. பாவம், யாரு பெத்த புள்ளையோ."

ஏவிஸ் ரொட்டியைக் கீழே வைத்தாள். "என்னது கிளெனிஸ்? மேல படி."

"'நான் பொறந்தது பர்...'"

கொதிக்கிற தேநீர்ப் பானையை அந்த வரிமேல் வைத்தேன்.

"ஐயோ, வார்னிஷ் போச்சுடி! நீயே இப்படிச் செய்யலாமா?" என்று கிளெனிஸ் பதறினாள்.

"போனா போவுது. ஆறிடப் போவுது, குடி."

அந்த வெள்ளை வளையம் அப்போது வந்ததுதான். சூடு பட்டால் வார்னிஷ் அப்படி வெளுக்கும். ஏவிஸ் மேசைமேல் சிந்தியிருந்த ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டினாள். பிறகு, "என் புள்ளைக்கும் இப்ப இப்படி எழுதற வயசிருக்கும்க்கா," என்றாள். நான் அவளுக்கு இன்னொரு ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன்.

அவளே உனக்குப் பதில் எழுதியதாகச் சொல்கிறாய். 'உன்னைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, இனிமேல் எழுதாதே' என்ற கடிதம்தானே? நான் எழுதியது. கீழே அவள் பெயரை நான்தான் போட்டேன். அதற்கப்புறம் உன்னிடமிருந்து தபால் வரவில்லை. அவள் சாகும்வரை மூன்று வருடம் அந்த மேசையில்தான் மூன்று வேளையும் சாப்பிட்டாள், உன் கடிதங்கள்மேல் தட்டை வைத்துக்கொண்டு.

கடைசி நாள் காலையிலும், "அக்கா, தபால்ல ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். என்னை அப்படிப் பார்க்காதே ராட்னி. அவள் கேட்டபோதெல்லாம் பதில் சொல்ல அவள் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது. எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது?