வட்டைக்குப் போன சீடி

காய்ச்சல் விட்டிருந்த மகளை மடியில் வைத்து, அவளுடைய நெற்றியை மீண்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியகல்லாற்றில் பஸ் ஏறி முன் இருக்கையில் அமர்ந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

“பிரிண்டரோட வந்த சீடிய எங்கட மனிசன் வயல் வட்டைக்குள்ள கட்டித் தொங்க விட்டுட்டார் அக்கா. நெல்லுக்கு வாற குருவியக் கலைக்கவாம்.”

“குருவிக்கும் கொம்பியூட்டர் படிப்பிக்கிறாராக்கும்!” மூத்தவள் சிரித்தாள்.

“சிரிக்காதீங்க. நாளைக்கு வீட்டோட பிரிண்ட் அடிக்கிற கடை துறக்கிற. அந்தச் சீடியப் போடாட்டி பிரிண்டர் எப்பிடி வேலை செய்யும்?”

“அது அந்தக் காலம் புள்ள. இப்ப வயரக் குத்தினாக் காணும். கொம்பியூட்டரே என்ன சாமானெண்டு பாத்து, தேவையானதத் தானே போட்டுக்கும். வீட்டில நிக்கிற உன்ட மகளுக்குப் போன் கோல் எடு.”

இளையவள் எடுத்தாள். “மகள், பிரிண்டர் வயரக் குத்திப்போட்டு ஒண்டையும் தொடாம இரி.”

காத்தான்குடிக் கடைத்தெருவில் பஸ் ஊர்ந்தது. பிறர் பேச்சைக் கேட்பது சரியில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். காது திரும்பவில்லை.

“என்ன? திரையில பிரிண்டர்ர பேர் வந்திட்டா? அப்ப கடை நோட்டீஸ அடி பாப்பம்.”

ஸ்பீக்கரைப் போட்டு, தொலைபேசியை இருவருக்கும் நடுவில் பிடித்தாள். கரகரவென்ற சத்தம். பிறகு ஒரு சிறுமியின் குரல்: “அம்மா, வந்திட்டு! கலர்லயே வந்திட்டு!”

“கேற்றில ஒட்டு மனே. நோட்டீஸ்ல நாளைக்கெண்டு போட்டிருந்தாலும், இண்டைக்கே ஆரும் வந்தா இருக்கச் சொல்லு. நான் வாறன்.”